பத்து நிமிடச் சோறு

நீர் வேலியின் மேல் கம்பி சுற்றிக் கட்டிவிட்டுப் போன அந்த எவர்சில்வர் மூடி இன்றைக்கும் காலையில் என் கண்ணைக் குத்தியது. வெயில் ஏறும்போது அதில் பட்டு நேரே எங்கள் குசினி யன்னலுக்குள் வருகிறது. தேநீர் குடிக்கும் கதிரையை இரண்டு முறை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் என்னைத் தேடிக்கொண்டு வருகிறது. உயிரோடு இருந்தபோதும் நீர் அப்படித்தான். ஒரு மனிதனை நிம்மதியாகத் தேநீர் குடிக்க விட்டதில்லை.

அந்த வெளிச்சத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பிரிஸ்பேனிலிருந்து உமது மகன்.

"அங்கிள், ஒரு சின்ன ஹெல்ப். இன்னைக்கு அப்பாவோட வருஷ திதி. கோயில்ல எல்லாம் பண்ணிட்டோம். காக்காய்க்குச் சோறு வைக்கறதுதான்... இங்க அபார்ட்மெண்ட் பால்கனில பறவைக்கு எதுவும் வைக்கக் கூடாதுன்னு ரூல். அப்பா வைக்கற எடத்துலயே நீங்க ஒரு கைப்பிடி வைக்க முடியுமா?"

யாரிடம் கேட்கிறான் பாரும்! சிட்னியில் இந்தக் கெல்லிவில் முழுக்க வீடு வீடாகத் தேடினாலும் அந்தச் சோற்றை என்னைவிட வெறுத்த மனிதன் ஒருவன் அகப்படமாட்டான். அது அவனுக்குத் தெரியாது. அவனுக்கு நான் பக்கத்து வீட்டு அங்கிள், அப்பாவின் சிநேகிதர்.

"ஓம் தம்பி, வைக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பின்வளவுக்குப் போய் யூக்கலிப்டஸ் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். அதில் நான் கட்டிவைத்த கூட்டுப் பெட்டிக்குள் பெட்டைக்கிளி அடையில் இருக்கிறது. ஆண்கிளி இரை கொண்டுவரும் நேரம் மட்டும் வெளியே வந்து வாங்கித் தின்றுவிட்டு உள்ளே போய்விடும். வேலியில் சோறு வைத்தால் மைனா வரும். மைனா வந்தால் பெட்டியின் ஓட்டையைப் பார்க்கும். பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். சாகிறதற்கும் உமக்குக் கிளி முட்டையிடும் செப்ரெம்பர் மாதம்தான் கிடைத்ததா? மே, ஜூனில் போயிருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

மனைவி அரிசி கழுவுகிறாள். சோறு கறி முடிய இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். உம்மிடம் சொல்லாத ஒன்று இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடக்கிறது. சோறு வைக்கிற கையோடு அதையும் இறக்கி வைத்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது.

உம்முடைய குடும்பம் பக்கத்து வீட்டுக்கு வந்தது 2009 கடைசியில். திருச்சிப் பக்கம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகனோடு இருக்க வந்தவர் நீர். வேலியடியில் முதல் நாள், "நீர் எப்ப வந்தனீர்?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். உமது முகம் கறுத்துப் போயிற்று. உள்ளே போய் மகனிடம், "பக்கத்து வீட்டு ஆளுக்கு மரியாதையே தெரியலடா" என்று சொன்னீராம். எங்கள் யாழ்ப்பாணத்தில் சம வயதுக்காரரை அப்படித்தான் அழைப்போம் என்று மகன் விளங்கப்படுத்தியும் உமக்கு அது செமிக்க ஆறு மாதம் ஆயிற்று. நீர் கடைசிவரை என்னை "சார்" என்றே கூப்பிட்டீர். நான் உமக்கு ஒரு சாரும் இல்லை.

அப்போதுதான் நான் பெட்டி செய்துகொண்டிருந்தேன். கட்டட நிறுவனத்தில் வரைபடம் கீறுகிறவன் என்பதால் அதற்கும் மூன்று படம் கீறி, ஓட்டையின் விட்டத்தைக் கவராயத்தால் அளந்து, பலகை அறுத்தேன். ரொசெல்லா என்கிற இந்த நாட்டுக் கிளிக்கு அது. சிவப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் வயிறு. பழைய மரங்களின் பொந்தில்தான் முட்டையிடும், தானாகக் கூடு கட்டத் தெரியாது. கெல்லிவில்லில் பழைய மரங்களை வீடு கட்ட வெட்டித் தீர்த்துவிட்டார்கள். நீர் வேலிக்கு மேலால் படத்தை எட்டிப் பார்த்து, "ஒரு கிளிக்கு இவ்ளோ பிளானா சார்? எங்க ஊர்ல கல்யாண மண்டபத்துக்கே இவ்ளோ போட மாட்டான்" என்றீர். சிரித்தேன். அந்த நாளில் உம்மோடு சிரிக்க முடிந்தது என்பதை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அடுத்த குளிரில் உமது மனைவி போய்ச் சேர்ந்தார். மூட்டுநோவோடு வந்த மனுஷி. இடது காலை இழுத்து இழுத்து வேலியோரம் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார். மாரடைப்பு, ஒரே நாளில் முடிந்தது. காரியமெல்லாம் ஆன பிறகு நீர் வேலிக் கட்டையில் அந்த மூடியைக் கட்டினீர். தினமும் உலையிலிருந்து முதல் கைப்பிடி அதில். "கா, கா" என்று கூப்பிட்டுவிட்டு, காகம் வந்து வாய் வைத்தால்தான் உமக்குச் சாப்பாடு. செத்தவர்கள் காகமாக வந்து பசியாறுவார்கள் என்பது எங்களுக்கும் உள்ள வழக்கம்தான். நாங்கள் அமாவாசைக்கும் திவசத்துக்கும் வைப்போம். நீர் நாள் தவறாமல் வைத்தீர்.

காகம் வரவில்லை. இந்த நாட்டுக் காகம் மின்கம்பியில் இருந்து பார்த்துவிட்டுப் போய்விடும். "இந்த ஊர் காக்கா கா-ன்னு கூட கத்த மாட்டேங்குது சார், கைக்கொழந்தை அழற மாதிரி இழுக்குது" என்று நீர் குறைப்பட்டீர். வந்தது மைனா. முதலில் இரண்டு, பிறகு ஆறு, பிறகு ஒரு கூட்டம். மஞ்சள் கண்ணும் மஞ்சள் காலுமாக வேலியின் மேல் வீட்டுக்காரன் போல நடந்து திரிந்தன.

அந்த ஓகஸ்டில் ரொசெல்லாச் சோடி என் பெட்டியைத் தேடி வந்தது. எனக்கு இருந்த சந்தோஷப் புளுகத்துக்கு அளவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை மரத்தடியில் போய் நின்றேன். ஐந்தாவது வாரம் பார்த்தால், மரத்தடியில் நாலு வெள்ளை முட்டை உடைந்து கிடக்கிறது. ஏணி வைத்து ஏறினேன். பெட்டிக்குள் வைக்கோல், நீல நிறப் பிளாஸ்ரிக் துண்டு, உருளைக்கிழங்குப் பொரியல் பக்கற், யாரோ எறிந்த ரயில் ரிக்கெற். மைனா குடிபுகுந்துவிட்டது.

வேலியில் நின்று உம்மைக் கூப்பிட்டேன். அன்றைக்குப் பேசியது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"உம்மட சோறுதான் அதுகளை இஞ்ச கூட்டிக்கொண்டு வருது."

"நான் காக்காய்க்குத்தான் வைக்கறேன் சார். அது வந்தா நான் என்ன பண்ண?"

"காகம் திண்டதை நீர் எண்டைக்காவது கண்டனீரோ?"

மின்கம்பியை அண்ணாந்து பார்த்தீர். பிறகு, "பசிச்சு வர்ற வாயை ஊர் பேர் கேட்டா வெரட்டுவாங்க?" என்றீர்.

"அது இந்த நாட்டுக் குருவியில்லை. ஆரோ கப்பலில கொண்டுவந்து விட்டது."

"நாம மட்டும் என்ன, இங்கயே மொளைச்சோமா சார்?"

மைனாவைப் பற்றி நான் வாய் திறந்தால் சிட்னியில் உள்ள நம்மவர் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், ஏதோ தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தது போல. இங்கே அதற்கு இந்தியன் மைனா என்று பெயர் வேறு. நான் வந்தவன்தான், யார் இல்லை என்றது? ஆனால் இன்னொருவரின் முட்டையை வெளியே தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் நான் படுக்கவில்லை. அதை உமக்குச் சொன்னேன். "உங்க வீடு கட்ட வெட்டின மரத்துல எத்தனை பொந்து இருந்துச்சோ" என்று நீர் திருப்பிக் கொடுத்தீர். அதற்காகத்தானே பெட்டி கட்டினேன் என்று கத்தினேன். வேலியின் இரண்டு பக்கமும் நின்று இரண்டு கிழவர்கள் கத்தியதை அந்தத் தெருவே கேட்டிருக்கும்.

அன்றைக்கு உமக்குச் சொல்லாத ஒன்றும் இருந்தது. யுத்தத்தின்போது, ஒரு வாரத்தில் திரும்பலாம் என்று யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவன் நான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நான் கால் வைக்கவில்லை. வேறு யாரோ இருக்கிறார்கள். நான் படம் கீறிய மேசையில் யாரோ சாப்பிடுகிறார்கள். சொந்தக்காரன் இல்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைகிறவனைக் கண்டால் என் கை தானாக ஓங்கும். அது மனிதனா குருவியா என்று கை பார்ப்பதில்லை.

சண்டையைத் தீர்த்து வைத்தவள் என் மனைவி. "பத்து நிமிசம் வையுங்கோ அண்ணை. காகம் வந்தால் வரட்டும். வராட்டி எடுத்துப் போடுங்கோ" என்றாள். சரி என்றீர். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மூடியை வழித்து எடுத்தீர். பொய் சொல்லக்கூடாது, ஏழெட்டு மாதம் அந்த வாக்கைக் காப்பாற்றினீர். மைனாக் கூட்டமும் குறைந்தது. அந்த நாட்களில் நீர் நல்ல மனிதராகத்தான் இருந்தீர்.

பிறகு உமது மனைவியின் முதல் திவசம் வந்தது. அன்றைக்குப் பத்து நிமிடக் கணக்கு வேண்டாம் என்று நானே சொன்னேன். பத்து மணிக்குச் சோறு வைத்தீர்கள். பதினொன்று, பன்னிரண்டு, ஒரு மணி. காகம் கம்பியில் இருந்து அழுதுவிட்டுப் பறந்துவிட்டது. வீட்டில் ஒருவரும் வாயில் தண்ணீர் வைக்கவில்லை. நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை மணிக்கு ஒரு மைனா வந்தது. ஒரு காலை நொண்டி நொண்டி வேலி நீளத்துக்கு நடந்து வந்து மூடியில் வாய் வைத்தது. நீர் கும்பிட்டதைக் கண்டேன்.

மறுநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னீர். "சிரிக்காதீங்க சார். இடது கால். அவளுக்கும் இடது கால்தான். ஒரு பருக்கை எடுத்துட்டு என்னைப் பாத்துச்சு சார். அவதான்."

நான் சிரித்தேன். சிரித்தது போதாதென்று, "இவ்வளவு காலம் நொண்டின மனுசி செத்த பிறகும் நொண்டவேணுமோ? விடும் ஐசே" என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை வாயிலிருந்து விட்ட கணமே பிழை என்று தெரிந்தது. தெரிந்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீர் மூடியை வழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனீர். அன்றோடு பத்து நிமிடம் போயிற்று. காலையிலிருந்து மாலைவரை வேலியில் சோறு இருந்தது. நொண்டி தினமும் வந்தது, தன் சோடியையும் கூட்டிக்கொண்டு.

2011 வசந்தத்தில் ரொசெல்லா திரும்பி வந்தது. இந்த முறை ஓட்டைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை அடித்திருந்தேன், மைனாவுக்கு அது பிடிக்காது என்றார்கள். ஐந்து முட்டை, ஐந்தும் பொரித்தன. ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை காலை கூச்சல் கேட்டு ஓடினேன். நொண்டி தடுப்புப் பலகையில் நிற்கிறது. அதன் சோடி ஓட்டைக்குள்ளிருந்து ஒரு குஞ்சைச் சொண்டால் இழுத்து வெளியே போடுகிறது. மரத்தடியில் ஏற்கெனவே நாலு. கண் திறக்காத குஞ்சுகள். தலைகளைக் கொத்தியிருந்தன. ஆண்கிளி உடுப்புக் காயப்போடும் கம்பியில் இருந்து வாயில் இரையோடு கத்திக்கொண்டிருந்தது.

உம்மைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலியால் எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றீர். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு. நீர் இன்னொன்றும் சொன்னீர். "அதுவா இருக்காது சார். வேற மைனாவா இருக்கும்."

என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், நீர் அதுவாக இருக்காது என்கிறீர். மண்வெட்டியில் ஐந்து குஞ்சையும் அள்ளிக்கொண்டு நிற்கிறவனிடம் சொல்கிறீர்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நகரசபைக் கவுன்சிலில் மைனா பிடிக்கும் கூண்டின் படம் தருகிறார்கள். ஒரே வார இறுதியில் செய்து முடித்தேன். உள்ளே போகலாம், திரும்பி வர முடியாது. நாய்த் தீனி வைக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் வைத்தேன், நொண்டி கிட்டவும் வரவில்லை. அதற்கு ருசியான சாப்பாடு வேலியில் இருக்கும்போது நாய்த் தீனிக்கு ஏன் வரப்போகிறது? மூன்றாம் நாள் நீர் குளிக்கப் போன நேரம், மூடியிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளிக்கொண்டு வந்து கூண்டில் வைத்தேன். நீர் உமது மனைவிக்கு என்று வைத்த சோறு. அரை மணி நேரத்தில் சோடியும் விழுந்தது, நொண்டியும் விழுந்தது.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல வரவில்லை. குனிந்து காலைப் பார்த்தேன். இடது கால். அது தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. நான் உடுத்திக் கழித்த பழைய சாரத்தைக் கூண்டின் மேல் இழுத்து மூடி, சொல்லித் தந்த மாதிரி உள்ளே கரியமில வாயுவைச் செலுத்தினேன். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. அன்றைக்கு எனக்குக் கவலை இல்லை. ஐந்து குஞ்சுக்குக் கணக்குத் தீர்த்த திருப்திதான் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

மூன்று நாள் கழித்து வேலிக்கு வந்தீர்.

"நம்ம ஆளு வரல சார், மூணு நாளாச்சு. பாத்தீங்களா?"

"இல்லை. நான் காணேல்லை."

அதோடு நிற்கவில்லை. உமது முகத்தைப் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு, "எங்கயாவது கூடு கட்டப் போயிருக்கும்" என்றும் சேர்த்துச் சொன்னேன். கொன்றதைவிட அந்த ஒரு வசனம்தான் பெரிய பாவம் என்று பிறகுதான் விளங்கியது.

நீர் காத்திருக்கத் தொடங்கினீர். மற்ற மைனாக்கள் வந்தால் கையை வீசித் துரத்தினீர், நான் ஒரு வருடமாகக் கெஞ்சியும் செய்யாததை. கதிரையை வேலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இரண்டு மணி, மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்தீர். உமது மகன் ஒருநாள் என் வாசலில் வந்து நின்றான். "சுகர் பேஷண்ட் அங்கிள். சாப்பிடாம உக்காந்திருக்கார். நீங்க சொன்னா கேப்பார்."

வந்து உம்மை ஏசினேன். "நீர் என்ன பேயனோ? எழும்பிப் போய்ச் சாப்பிடும்!"

"வந்துடும் சார்" என்றீர். "நீங்கதான சொன்னீங்க, கூடு கட்டப் போயிருக்கும்னு."

அப்போது சொல்லியிருக்கலாம். செத்துப் போயிற்று, நான்தான் கொன்றேன், இனி வராது, போய்ச் சாப்பிடும் என்று நாலு சொல். வாய் வரவில்லை. பயமா, வீம்பா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தைப்பொங்கல் முடிந்து சில நாளில் ஏணி இரவல் கேட்டு வந்தீர். கராஜைத் திறந்துவிட்டேன். கூண்டை மறந்துவிட்டேன். சாரம் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. அடிக்கம்பியில் காய்ந்த வெள்ளைப் பருக்கை நாலைந்து ஒட்டியிருந்தன. நீர் குனிந்து ஒன்றை நகத்தால் சுரண்டி விரல் நுனியில் வைத்துப் பார்த்தீர். எங்கள் வீட்டில் புழுங்கல் சிவப்பரிசி. உமது வீட்டில் வெள்ளைப் பொன்னி. பருக்கையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தீர்.

"ஏணி வேணாம் சார்" என்றீர், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மூடி காலி. சரியான நேரத்துக்குச் சாப்பிடவும் தொடங்கினீராம், மகன் வந்து எனக்கு நன்றி சொன்னான்! என்னைக் கண்டால் "குட் மார்னிங் சார்." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. எட்டு மாதம். வாயைத் திறந்து நாலு கெட்ட வார்த்தை பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசி, கடைசியில் உண்மையைக் கக்கியிருப்பேன். நீர் அந்த வசதியைத் தரவில்லை. தண்டனை கொடுக்கத் தெரிந்த மனிதர் நீர். அந்த மௌனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சோறு இல்லாததால் போன வசந்தம் மைனா வரவில்லை. ரொசெல்லா அடையில் இருந்தபோது நீர் ஆஸ்பத்திரிக்குப் போனீர், நாலாம் நாள் இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். என்னால் இல்லை என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. உமது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாய்க்கரிசி போட்டேன். அப்போதும் சொல்லவில்லை. அடுத்த கிழமை முட்டைகள் பொரித்தன. நவம்பரில் ஐந்து குஞ்சும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டையால் தலை நீட்டிப் பறந்தன. மூன்று வருடம் நான் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்த நாள். முதல் வேலையாக வேலிக்கு ஓடி, உமக்குக் காட்டத்தான் எட்டிப் பார்த்தேன். கதிரை மட்டும் கிடந்தது.

மனைவி கூப்பிடுகிறாள். சோறு ஆயிற்று. வைத்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

வைத்துவிட்டு வந்தேன்.

மூடியை முதலில் கழுவினேன், ஒரு வருடத்துச் சருகும் ஊத்தையும். உமது வீட்டில் இப்போது வாடகைக்கு இருப்பவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இன்றைக்கு வெள்ளைப் பச்சரிசிதான் போடச் சொன்னேன். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ஒரு வடை. "கா, கா" என்று கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. கூப்பிட்டேன். காகம் ஒன்று கம்பியில் வந்து இருந்து, கைக்குழந்தை அழுகிற மாதிரி இழுத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பக்கம் பறந்து போயிற்று.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து நிமிடம், அதுதான் ஒப்பந்தம். பத்து நிமிடம் முடிந்தது. மூடியை வழிக்கப் போன கால் பாதியில் நின்றுவிட்டது.

"காகம் வந்திட்டுதோப்பா? எனக்குப் பசிக்குது" என்று மனைவி குசினியிலிருந்து கேட்டாள்.

"இல்லை. கொஞ்சம் பொறும்."

பதினைந்து நிமிடம். இருபது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு மைனா வந்து வேலியில் இருந்தது. இரண்டு காலும் நல்ல கால். நொண்டவில்லை, அவசரப்படவில்லை. சோற்றைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிப் பெட்டியின் ஓட்டையைப் பார்த்தது. மேல் கிளையில் இருந்த ஆண்கிளி கத்தத் தொடங்கிற்று. நான் விளக்குமாற்றை ஓங்கினேன்.

அது பறக்கவில்லை. மூடிக்குள் குனிந்து ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டு திரும்பவும் என்னைப் பார்த்தது.

ஓங்கிய கை ஓங்கியபடி இருக்க, என் வாய் திறந்துவிட்டது. "ஓம் ஐசே. நான்தான் பிடிச்சனான். தெரிஞ்சுதான் பிடிச்சனான். உம்மட சோத்தை வைச்சுத்தான் பிடிச்சனான்."

அது இன்னொரு பருக்கையை எடுத்தது.

"திண்டுட்டுப் போம். ஆனால் பெட்டிப் பக்கம் திரும்பினீரெண்டால், நீர் எண்டும் பாக்கமாட்டன்."

பாதிச் சோறும் வடையில் ஒரு துண்டும் போயிற்று. சொண்டை மூடியின் விளிம்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துவிட்டு, உமது வீட்டுக் கூரைக்கு மேலால் பறந்து போயிற்று. கை நோகத் தொடங்கிய பிறகுதான் விளக்குமாற்றை இறக்கினேன். பெட்டைக்கிளி உள்ளேதான் இருந்தது.

"ஆரோடை கதைக்கிறியள்? காகம் வந்ததோ?" மனைவி கதவடிக்கு வந்துவிட்டாள்.

"வந்திட்டார்" என்றேன். "சாப்பாட்டைப் போடும்."

இதை எழுதி முடிக்கும்போது மூடி இன்னும் வேலியில்தான் இருக்கிறது. மீதிச் சோற்றை வழித்து எடுத்துவிட்டேன், கம்பியை அவிழ்க்கவில்லை. நாளைக் காலையும் கண்ணைக் குத்தட்டும். கூண்டும் கராஜில் துடைத்தபடி இருக்கிறது. பெட்டிக்குள் எத்தனை முட்டை என்று இந்த முறை ஏறிப் பார்க்கவில்லை, பொரித்த பிறகு வேலிக்கு வந்து சொல்கிறேன். உமது மகனுக்கு வேலை, பிள்ளைகள், அடுத்த வருடம் என்னைக் கூப்பிட மறந்துவிடுவான். கூப்பிடாவிட்டாலும் சோறு வைப்பேன். பத்து நிமிடம்தான்.